இடப்பக்க டெக் அமுங்குது, செயின்பிளேட்டில் கசிவு: திரும்பச் சிலிக்கன் அடிச்சாப் போதுமா, வெட்டத்தான் வேணுமா?

சோழகம் (ரொறன்ரோ)

வணக்கம் எல்லாருக்கும். 1978இல கட்டின 27 அடி பாய்ப்படகு, பைபர் உடம்பு, பால்சா கோர் டெக் (ரெண்டு பைபர் தோலுக்கு நடுவில பால்சா மரம்). ஒன்ராறியோ ஏரியில ஓடுறது. போன கிழமை கரைக்கு ஏத்தி, பாய்மரத்தையும் இறக்கியாச்சு.

மழை பெய்தா இடப்பக்கச் செயின்பிளேட்டுக்கு (பாய்மரத்தைப் பிடிக்கிற கம்பியைப் படகோட பூட்டுற உலோகத் தகடு) நேர் கீழ, உள் தடுப்புப் பலகையில தண்ணி கோடு விழுது. பலகை கறுத்துக்கொண்டு வருது. செயின்பிளேட்டைச் சுத்தி முந்தின சொந்தக்காரர் வெள்ளைச் சிலிக்கன் அப்பியிருக்கிறார், அதுக்கு மேல இன்னொரு தரமும் அப்பியிருக்கு.

பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குறூ டிறைவரால டெக் முழுக்கத் தட்டிப் பாத்தன். மற்ற இடமெல்லாம் கிண்ணெண்டு கேக்குது. செயின்பிளேட்டைச் சுத்தி 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்துக்குத் 'தொப் தொப்' எண்ட சத்தம். மிதிச்சா அமுங்குது. அதுக்குப் பின்னால ரெண்டு ஸ்டான்ஷன் (டெக் ஓரக் கம்பிவேலித் தூண்) அடியிலயும் உள்ளங்கை அளவுக்கு அதே சத்தம்.

மேலால சின்ன ஓட்டை போட்டு எபொக்ஸி (பிசினும் ஹார்டனரும் கலந்தா இறுகிற பசை) ஊத்தினா சரிவரும் எண்டு சிலர் சொல்லுகினம். அது உண்மையோ? வெட்டித்தான் ஆகவேணும் எண்டா எங்க வெட்டுறது, எவ்வளவு சாமான் வேணும்? இந்தக் குளிருக்குள்ள செய்யக்கூடிய வேலை எது? அனுபவமுள்ள ஆக்கள் விளக்கமாச் சொன்னாப் பேருதவி.

சுக்கான்

சிலிக்கானை முதல்ல விட்டுடுங்க. அது ஓட்டையை அடைக்கலை, உள்ளே போன தண்ணி ஆவியாகக்கூட வழியில்லாம மூடி வெச்சிருக்கு. அது பட்ட இடத்துல அப்புறம் வேற பசையோ பெயின்ட்டோ பிடிக்காது. பிளேடால சுரண்டி, சிலிக்கான் ரிமூவர் போட்டு நல்லாத் துடைச்ச பிறகுதான் உப்புத்தாளைத் தொடணும். வரிசை மாறிச்சுன்னா உப்புத்தாளே அதை ஃபைபருக்குள்ள தேய்ச்சு ஏத்திடும்.

டெக் எப்படி இருக்குன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். மேல 3 முதல் 4 மி.மீ. ஃபைபர் தோல், அடியில 2 மி.மீ. தோல், நடுவுல 12 மி.மீ. பால்சா. மூணும் ஒட்டிக்கிட்டிருக்கிற வரைக்கும்தான் பலம். பால்சாவோட நார் செங்குத்தா நிக்கிற மாதிரி வெட்டியிருப்பாங்க, அதனால மரத்துக்குள்ள தண்ணி பக்கவாட்டுல மெதுவாத்தான் போகும். ஆனா அது ஒரே பலகை கிடையாது. டெக் வளைவுக்கு மடங்கணும்னு சின்னச் சின்னச் சதுரக் கட்டையா வலைத்துணியில ஒட்டினது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில பிசின் நிரம்பாம விட்டிருந்தா, அந்த இடுக்குதான் வாய்க்கால். உங்க ஊர்ல கூடுதலா உறைபனி. தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், ஒவ்வொரு குளிர்காலமும் தோலைக் கோர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நெம்பும்.

தட்டிப் பார்த்தது நல்ல ஆரம்பம், ஆனா எல்லையைச் சொல்ல அது போதாது. ஈரமானி வெச்சுப் பார்க்கிறதுன்னா பூஜ்யத்துக்குக் கீழே போன நாள்ல பார்க்காதீங்க, பனிக்கட்டியை அது சரியாக் காட்டாது. மேல் தளம் ரெண்டு மூணு நாளாவது காய்ஞ்சிருக்கணும். அடியில உலோகத் தகடு இருந்தாலும் முள் ஏறிடும். நம்பகமான வழி, கேபினுக்குள்ள இருந்து மேல் நோக்கித் துளை போடறதுதான். 5 மி.மீ. பிட், நுனியில இருந்து 13 மி.மீ. தள்ளி ஒரு டேப் சுத்திக்குங்க, மேல்தோலைத் தாண்டக் கூடாது. செயின்பிளேட்ல இருந்து வெளிப்பக்கமா 10 செ.மீ.க்கு ஒண்ணா போட்டுக்கிட்டே போங்க. பிட்டுல வர்ற சுருள் வெளிர் வைக்கோல் நிறத்துல காய்ஞ்சு உதிர்ந்தா நல்ல மரம். பழுப்பா ஈரமா ஒட்டினா எல்லை வருதுன்னு அர்த்தம். டிகாஷன் இறக்கின காபித்தூள் மாதிரி கறுப்பா வந்தா அங்கே கோரே இல்லை.

மிதிச்சா அமுங்குதுன்னு சொல்றதைப் பார்த்தா செயின்பிளேட் பகுதியை வெட்டித்தான் ஆகணும். ஸ்டான்ஷன் ரெண்டையும் வெட்டாம முடிக்கலாம், அதை அப்புறம் சொல்றேன்.

வெட்டறதுக்கு முன்னாடி கேபினுக்குள்ள இருந்து டெக்குக்கு மரச்சட்டத்தால முட்டு குடுங்க. இதை விட்டுட்டு வெட்டினா டெக் தன் வளைவை இழந்து தொங்கும், புதுக் கோர் அந்தத் தொங்கின வடிவத்துலயே இறுகிடும். வெட்டுக்கோடு, டெக்ல வழுக்காம இருக்கப் போட்ட சொரசொரப்பு முடிஞ்சு வழுவழுப்பு ஆரம்பிக்கிற ஓரத்துல வர்ற மாதிரி வெச்சா பின்னாடி தழும்பு தெரியாது. மூலைகளை வட்டமா வெட்டுங்க. சர்க்குலர் ஸா ஆழத்தை 4 மி.மீ.ல வெச்சு மேல்தோல் மட்டும் அறுபடணும். கெட்டுப்போன இடத்துல தோல் கையோட வரும், நல்ல மரம் இருக்கிற ஓரத்துல உளி வேணும். எல்லாப் பக்கமும் காய்ஞ்ச மரம் தென்பட்டு, அதுக்கும் மேல 5 செ.மீ. போகிற வரைக்கும் எடுங்க. 60 செ.மீ.ன்னு நினைச்சது 70 ஆகும், அதுக்குத் தயாரா இருங்க.

கீழ்த்தோலை 60 நம்பர் தாளால தேய்ச்சு, தூசி உறிஞ்சி, அசிட்டோன்ல துடைச்சு, ஓரத்து மரம் முழுசாக் காய விடுங்க. புதுப் பால்சாவை வெட்டி வெச்சு அளவு பார்த்துக்குங்க. ஒட்டறதுக்கு முன்னாடி பால்சாவோட ரெண்டு பக்கமும் கெட்டிப்படுத்தாத எபாக்ஸியை (ஹார்டனர் கலந்தது, தூள் மட்டும் கலக்காதது) தடவி ஊற விடணும். நார் செங்குத்தா இருக்கிறதால அது குடிச்சுக்கிட்டே இருக்கும். இந்தப் படியை விட்டா நீங்க தடவின பசையை மரம் உறிஞ்சிட்டு ஒட்டு வறண்டு போகும். வெளியில எதுவும் தெரியாது, ரெண்டு வருஷத்துல திரும்பத் 'தொப்' சத்தம் வரும். பிறகு எபாக்ஸியில 406 தூள் (கெட்டியாக்கிற சிலிக்கா) கலந்து, கரண்டியைத் தூக்கினா வழியாம நிக்கிற பதத்துல கெட்டியாக்கி, பல் வெச்ச கரண்டியால கீழ்த்தோல்ல பரப்பி, கோரை அழுத்திப் பதிங்க. இடுக்குகள் வழியா எபாக்ஸி மேல பிதுங்கணும். பிதுங்கலைன்னா பசை குறைவு. மேல பாலித்தீன் விரிச்சு மணல் மூட்டையை அடுக்குங்க.

மேல்தோலுக்குப் பழைய தகட்டையே திரும்ப ஒட்டலாம், ஆனா அதோட அடியில ஒட்டியிருக்கிற பால்சாவை முழுசாத் தேய்ச்செடுக்கணும். காத்து வெளியேற 10 செ.மீ.க்கு ஒரு 5 மி.மீ. துளையும் போடணும். என் விருப்பம் புதுசா ஃபைபர் போடறது. சுத்தி இருக்கிற பழைய தோலை 12க்கு 1 சரிவாத் தேய்க்கணும், 3 மி.மீ. தோலுக்கு 36 மி.மீ. அகலச் சரிவு. 1708 பையாக்ஸியல் துணி (ரெண்டு திசையில நார் ஓடுற ஃபைபர் துணி) ஒரு அடுக்கு ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல வரும், மூணு அடுக்கு போதும். வெறும் சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (துண்டு நார் விரிப்பு) வாங்காதீங்க. பெரும்பாலான மேட்ல நாரைப் பிடிச்சிருக்கிற பைண்டர் பாலியெஸ்டர்ல இருக்கிற ஸ்டைரீன்லதான் கரையும், எபாக்ஸியில கரையாம விறைச்சுக்கிட்டு நிக்கும்.

சாமான் கணக்கு: 70க்கு 50 செ.மீ. பகுதி, கூட ரெண்டு ஸ்டான்ஷன். ஊற வைக்க, பதிக்க, மூணு அடுக்குத் துணிக்கு, வீணாகிறது எல்லாம் சேர்த்து சுமார் 3 லிட்டர் எபாக்ஸி. ஒரு கேலன் செட்டுல முடியும். வெஸ்ட் சிஸ்டம் பிராண்டுன்னா 105 பிசினுக்கு 205 (வேகமா இறுகும்) அல்லது 206 (மெதுவா இறுகும்) ஹார்டனர், அளவுல 5க்கு 1. அவங்க பம்ப் வாங்கினா ஒரு முக்கியமான விஷயம்: பிசின் ஒரு அமுக்கு, ஹார்டனர் ஒரு அமுக்கு. விகிதம் பம்ப்புக்குள்ளயே இருக்கு. அஞ்சு அமுக்குக்கு ஒண்ணுன்னு போட்டவங்க படகுல எல்லாம் எபாக்ஸி ரப்பராவே நிக்கும், சுரண்டித்தான் எடுக்கணும்.

கொண்டல்

சுக்கான் அண்ணா சொன்னதோட ஒரு சின்ன வித்தியாசம். நீங்க கேட்ட மாதிரி சின்னத் துளை போட்டு ஊசி மூலமா எபாக்ஸி ஏத்தறதை ஒரேயடியா ஒதுக்கத் தேவையில்லை. கோர் காய்ஞ்சிருந்து, தோல் மட்டும் அதை விட்டுப் பிரிஞ்சிருந்தா அது சரியான வைத்தியம்தான். மேல்தோல்ல மட்டும் 4 மி.மீ. துளைகளை 3 செ.மீ. இடைவெளியில போட்டு, ஒரு ஓரத்துல ஏத்த ஆரம்பிச்சு, பக்கத்துத் துளையில எபாக்ஸி எட்டிப் பார்த்ததும் முதல் துளையை டேப்பால மூடி நகர்ந்துகிட்டே போகணும். மேல கனம் வைக்கணும். பெரிய இடத்தை வெட்டாம தப்பிக்க ஒரு வழி இருந்தா அதைச் சொல்லாம இருக்கக் கூடாது.

நங்கூரம் (சிங்கப்பூர்)

கொண்டல் சொல்வது சரி, ஆனால் சோழகம் அவர்களின் படகுக்கு அது பொருந்தாது. கசிவு நடக்கிறது, பலகை கறுத்திருக்கிறது, டெக் அமுங்குகிறது. அந்தக் கோர் காய்ந்திருக்க வாய்ப்பில்லை. ஈர மரத்துக்குள் எபாக்ஸி ஊறாது. அழுகிய மரத்தைச் சுற்றி அங்கங்கே கட்டி கட்டியாக இறுகி நிற்கும். நடந்து பார்த்தால் கெட்டியாகிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். பிறகு வெட்டும்போது அந்தக் கட்டிகளை உளியால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும், வேலை மும்மடங்கு. துளைகளைத் திறந்துவைத்து மாதக்கணக்கில் காய வைத்தாலும், அழுகிய மரம் காய்ந்த அழுகல் மரமாகத்தான் இருக்கும்.

எபாக்ஸிக்கு வெப்பநிலைதான் எசமான். 205 ஹார்டனர் 22 டிகிரியில் பத்து நிமிடம்தான் கோப்பையில் தாங்கும், 206 இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும். 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். எங்களைப் போல 32 டிகிரியில் வேலை செய்பவர்கள் இன்னும் மெதுவாக இறுகும் 209 ஹார்டனரை எடுப்பார்கள். அதற்கு விகிதம் 3க்கு 1, பம்ப்பும் வேறு. உங்கள் ஊரில் நிலைமை தலைகீழ். 205 சுமார் 4 டிகிரி வரை இறுகும், 206க்கு 16 டிகிரியாவது வேண்டும். அது காற்றின் வெப்பம் அல்ல, டெக்கின் வெப்பம். இரவு முழுக்க உறைந்து கிடந்த டெக் காலை பத்து மணிக்கும் குளிர்ந்துதான் இருக்கும்.

பால்சாவை எபாக்ஸியில் ஊற வைப்பதற்கு வெயில் இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் தடவினால் வெப்பம் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, எபாக்ஸியைத் துளைத்துக்கொண்டு குமிழ் குமிழாக வெளியே வரும். மாலையில் தடவினால் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். கலந்ததைக் கோப்பையில் வைத்திருக்காமல் உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். இதே காரணத்தால்தான் ஆழமான துளைகளையும் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது.

இறுகிய பிறகு மேலே மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு படியும். அது தண்ணீரில் கரையக்கூடியது. தண்ணீரும் சொரசொரப்பான நாரும் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். அசிட்டோன் அதை எடுக்காது, பரப்பிவிடும். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, கட்டாயம் பெயின்ட் வேண்டும். வழுக்காத பரப்புக்கு கிவிகிரிப் போன்ற பெயின்ட்டை உருளையால் தடவுவது ஒற்றையாள் வேலைக்கு எளிது.

நைட்ரைல் கையுறை இல்லாமல் ஒரு துளியைக்கூடத் தொடாதீர்கள். தோலில் பட்டால் அசிட்டோனால் துடைக்காதீர்கள், அது எபாக்ஸியைத் தோலுக்குள் கொண்டு போகும். கைகழுவும் பசையும் சோப்பும் போதும். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்ஸி வாடை பட்டாலே தோல் தடிக்கும், அது திரும்பிப் போவதில்லை. ஃபைபர் தேய்க்கும்போது சாதாரணத் துணி முகமூடி போதாது, பி100 வடிகட்டி வைத்த முகமூடி அணியுங்கள்.

சோழகம் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. சுக்கான் அண்ணை சொன்ன மாதிரி கீழால ஏழு துளை போட்டன். 30 செ.மீ. வரைக்கும் கறுப்புக் கூழ், ரெண்டு துளையால தண்ணி சொட்டுது. 40இல பழுப்பு. 50இல காய்ஞ்ச மரம். ஆக, வெட்டுறதுதான்.

செயின்பிளேட்டையும் கழட்டினன். டெக்குக்கு மேலயும் கீழயும் பளபளப்பா இருக்குது. டெக்குக்குள்ள புதைஞ்சு கிடந்த ஒரு விரல் அகலம் மட்டும் பழுப்பு. துணியால துடைக்க நிறம் போயிற்று, ஆனா அந்த இடத்தில, விளிம்பிலயிருந்து உள்பக்கமா மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியுது. நகத்தால தடவினா ஒண்டும் தட்டுப்படேல்ல. மினுக்கிப்போட்டுத் திரும்பப் பூட்டலாமோ?

பருமல்

தம்பி, அந்தத் தகட்டைத் திரும்பப் போடாதீங்க. இந்தத் திரியில இருக்கிற எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். டெக் அழுகினா கால் அமுங்கும், செயின்பிளேட் போனா பாய்மரமே விழும்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காம இருக்கக் காரணம் அதோட மேற்பரப்புல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைத்தானே புதுப்பிச்சுக்க ஆக்சிஜன் வேணும். சிலிக்கானுக்கு அடியில, தேங்கின தண்ணியில, ஈரக் கோரை ஒட்டி இருக்கிற இடத்துல ஆக்சிஜன் கிடைக்காது. படலம் போன இடத்துல குழி விழும், குழியில இருந்து வெடிப்பு கிளம்பும். அதனாலதான் கண்ணுக்குத் தெரியிற இடம் பளபளன்னு இருக்க, புதைஞ்ச அந்த ஒரு விரல் அகலம் மட்டும் கெடுது. நன்னீர் ஏரியில இது கடலைவிட மெதுவா நடக்கும், அவ்வளவுதான். பழுப்புக் கறை வெறும் கறையா இருந்தா மினுக்கிப் பார்க்கலாம். கோடு இருந்தா பேச்சே இல்லை.

உறுதி வேணும்னா வெல்டிங் சாமான் கடையில டை பெனட்ரன்ட் கிட் கிடைக்கும், மூணு கேன். சுத்தம் பண்ணி, சிவப்புச் சாயம் அடிச்சு, 15 நிமிஷம் விட்டு, சாயத்தைத் துணியால துடைச்செடுத்து, வெள்ளை டெவலப்பர் அடிங்க. வெடிப்பு இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடு ஊறி வரும். இந்தச் சோதனையை வலப்பக்கத் தகட்டுக்கும் பண்ணுங்க. ஆனா ஒண்ணு போயிருந்தா ரெண்டையும் மாத்துறதுதான் முறை, ரெண்டும் ஒரே வயசு, ஒரே பாரம்.

பழசை அச்சா வெச்சு 316 ரக ஸ்டெயின்லெஸ்ல வெட்டி வாங்குங்க. தடிமன் குறையக் கூடாது. தகட்டுல மடிப்பு இருந்தா அதே கோணம் வேணும், ஷ்ரௌட் (பாய்மரத்தைப் பக்கவாட்டுல பிடிக்கிற கம்பி) இழுக்கிற கோட்டுல தகடு நிக்கலைன்னா ஒவ்வொரு அலைக்கும் மடங்கி நிமிர்ந்து களைச்சு உடையும். துளை விளிம்புல பிசிறு இருக்கக் கூடாது, மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணச் சொல்லுங்க. அது அழகுக்கு இல்லை, கீறல் எல்லாம் துருவோட முதல் படி. போல்ட், நட் எல்லாம் புதுசு. மரைக்கு டெஃப் ஜெல் தடவுங்க, ஸ்டெயின்லெஸ் மேல ஸ்டெயின்லெஸ் முறுக்கினா கடிச்சுக்கிட்டு நின்னுடும்.

தடுப்புப் பலகை கறுத்திருக்குன்னீங்க. போல்ட் துளைகளைச் சுத்தி கூர் ஊசியால குத்திப் பாருங்க. ஊசி எதிர்ப்பில்லாம இறங்கினா அந்தப் பலகையை மாத்தாம புதுத் தகடு போட்டு ஒரு பயனும் இல்லை. மெரைன் பிளைவுட்ல புதுத் துண்டு, 8க்கு 1 சரிவு இணைப்பு.

டெக்ல தகடு நுழையிற துளைக்கு: கோரை வெட்டும்போதே அந்த இடத்தைச் சுத்தி 2 செ.மீ. பால்சா இல்லாம விட்டு, 404 தூள் (பாரம் தாங்குற இடத்துக்கான கெட்டித் தூள்) கலந்த எபாக்ஸியால முழுக்கட்டையா நிரப்புங்க. இறுகினதும் அதுக்குள்ள புதுத் துளை அறுங்க, தகட்டைச் சுத்தி 2 மி.மீ. இடைவெளியோட. தகடு டெக்கோட எபாக்ஸியால ஒட்டிக்கக் கூடாது, பாரம் ஏறும்போது ரெண்டும் தனித்தனியா அசையும். மேல் விளிம்பை 45 டிகிரியில 5 மி.மீ. சரிச்சு, அந்தப் பள்ளத்துல சாம்பல் நிற பியூட்டைலை (இறுகாம மெத்துன்னு இருக்கிற ரப்பர் டேப்) அமுக்கி நிரப்பி மூடித்தகட்டைப் போடுங்க. தண்ணியைத் தடுக்கிறது பள்ளத்துல இருக்கிற பியூட்டைல், மூடி இல்லை.

சுக்கான்

ஸ்டான்ஷன் பாக்கி இருக்கு. 8 மி.மீ. போல்ட்டுக்கு மேல்தோலையும் கோரையும் 20 மி.மீ. துளையாப் பெருசாக்குங்க, கீழ்த்தோலைத் தொடாதீங்க. ஆணியை 'எல்' மாதிரி வளைச்சு ட்ரில்லுல மாட்டிச் சுத்தினா தோலுக்கு இடையில இருக்கிற கெட்ட கோர் பொடியா வந்துடும். உள்ளங்கை அளவுன்னா நாலு துளைக்கும் இடையில இருக்கிறது எல்லாம் வரணும். காய வெச்சு, அடியில டேப் ஒட்டி, முதல்ல கெட்டிப்படுத்தாத எபாக்ஸி, ஊறினதும் 404 கலந்தது. அடுத்த நாள் நடுவுல 8 மி.மீ. துளை, மேல் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால 3 மி.மீ. ஆழத்துக்குக் குடையணும்.

பியூட்டைலைப் போல்ட் கழுத்துல கூம்பு மாதிரி சுத்துங்க, ஸ்டான்ஷன் தட்டுக்கு அடியிலயும் ஒரு படை. இறுக்கும்போது மேல போல்ட் தலையை ஒருத்தர் அசையாமப் பிடிக்கணும், கீழே நட்டை மட்டும் சுத்தணும். போல்ட் சுத்தினா கூம்பு கிழியும். கீழே சின்ன வாஷர் வேண்டாம், 6 மி.மீ. ஜி10 தகடு (எபாக்ஸி ஃபைபர் பலகை) வெட்டிப் போடுங்க. 5200 பசையை (நிரந்தரமா ஒட்டிக்கிற படகுப் பசை) இங்கே பக்கத்துலயே கொண்டு வராதீங்க, பத்து வருஷம் கழிச்சுக் கழட்டறப்ப ஜெல்கோட்டோட பெயர்ந்து வரும். டீசல் ஊத்துற மூடிக்கு மட்டும் பியூட்டைல் ஆகாது, எண்ணெய் பட்டா கரையும். அங்கே பாலிசல்ஃபைட் சீலன்ட்.

குளிர்காலத்துக்கு: இப்ப எபாக்ஸியைத் தொடாதீங்க. ஸ்டான்ஷன்களைக் கழட்டுங்க, துளைகளுக்கு மேல டேப், படகுக்கு மேல தார்ப்பாய். சொட்டற ரெண்டு துளையும் திறந்தே இருக்கட்டும், உறையறதுக்கு முன்னாடி வடிஞ்ச வரைக்கும் லாபம். செயின்பிளேட்டைப் பட்டறையில கொடுத்துடுங்க, ஜி10 தகடுகளை வீட்லயே அறுத்து வைங்க. வெட்டறது ஏப்ரல் கடைசியில, டெக் பகல்ல 10 டிகிரிக்கு மேல நிக்க ஆரம்பிச்சதும், 205 வெச்சு.

சோழகம் (ரொறன்ரோ)

விளங்கிச்சு. பியூட்டைல் போட்டு ஒரே நாளில முழுக்க இறுக்கலாமோ?

பருமல்

வேண்டாம். சுத்தி வர பியூட்டைல் பிதுங்கினதும் நிறுத்துங்க. மறுநாள் கால் சுற்று, ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு கால் சுற்று, பிதுங்கறது நிக்கிற வரைக்கும். குளிர்ல அது மெதுவாத்தான் வழியும், 10 டிகிரியில ஒரு வாரம்கூட ஆகும். பிதுங்கினதை அப்பப்போ பிளாஸ்டிக் கத்தியால வெட்டி எடுத்துடுங்க. பாய்மரம் ஏத்தி ஷ்ரௌட் இறுக்கின பிறகு செயின்பிளேட் மூடியை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. பாரம் ஏறினதும் தகடு ஒரு பக்கம் சாய்ஞ்சு பள்ளத்துல இடம் விட்டிருந்தா, அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் பியூட்டைல் அமுக்கி மூடுங்க.